வசூலுக்கு வருபவர் எதுவரை போகலாம்? கடன் வாங்கியவர் தெரிந்துகொள்ள வேண்டிய உரிமைகள்

போன வருஷம் ஆவணியில் ஒரு நாள், இரவு ஏழரை மணி இருக்கும். திருவண்ணாமலைக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சித்தி போன் செய்தார். மகளிர் குழுவில் 50,000 ரூபாய் கடன், வாரத் தவணை. சித்தப்பா வண்டியிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்ததால் மூன்று வாரமாகக் கட்டவில்லை. "மூணு மணியிலிருந்து திண்ணையில உக்காந்திருக்காங்க கண்ணு. பணத்தை வாங்காம எந்திரிக்க மாட்டாங்களாம். காலையில போலீஸ் வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடுமாம். நெசமா?" எதிர்வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்திப் பேசினார். பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் மட்டும் சத்தமாகக் கேட்டது: "கழுத்துல தாலி இருக்குல்ல, அதை வச்சுக் கட்டச் சொல்லுங்க."

வசூலுக்கு வந்தவர் அந்த ஒரு மாலையில் குறைந்தது மூன்று விதிகளை மீறியிருந்தார். அது சித்திக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்கும் தெரியாது. போனை வைத்தபிறகு தேடிப் படித்ததும், தெரிந்த வக்கீல்களிடம் கேட்டதும், அதற்கப்புறம் அக்கம்பக்கத்தில் நாலைந்து பேருக்குப் புகார் எழுதிக் கொடுத்தபோது கற்றுக்கொண்டதும்தான் இந்தக் கட்டுரை. வாங்கிய கடனைக் கட்டித்தான் ஆக வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கட்ட முடியாத மாதத்தில் ஒருவர் தன் மானத்தையும் சேர்த்து அடகு வைக்கத் தேவையில்லை.

கடன் கட்டாவிட்டால் ஜெயிலா?

முதலில் இந்தப் பயத்தைத் தீர்த்துவிடலாம், ஏனென்றால் மிரட்டல் எல்லாமே இதன் மேல்தான் நிற்கிறது. வருமானம் நின்றுபோய்த் தவணை கட்ட முடியாமல் போவது குற்றம் ஆகாது. அது இரண்டு பேருக்கு நடுவிலான ஒப்பந்தத் தகராறு, அதாவது சிவில் விவகாரம். கடன் கொடுத்தவர் சிவில் கோர்ட்டுக்குப் போய் வழக்குப் போடலாம். போலீஸ் வந்து பணம் வசூல் செய்து தர முடியாது; தவணை பாக்கி என்ற ஒரே காரணத்துக்காகக் கைது செய்யவும் முடியாது.

கோர்ட்டில் தீர்ப்பே எதிராக வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் உடனே சிறை இல்லை. 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் எதிர் பேங்க் ஆஃப் கொச்சின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கட்ட வழியில்லாமல் இருப்பவரைக் கடனுக்காகச் சிறையில் போடக் கூடாது. கையில் பணத்தை வைத்துக்கொண்டே நேர்மையில்லாமல் கட்ட மறுப்பவரைப் பற்றித்தான் அந்தப் பேச்சு வரும். தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். பெண்களுக்கு இன்னும் உறுதியான பாதுகாப்பு இருக்கிறது: சிவில் நடைமுறைச் சட்டத்தின் 56ஆவது பிரிவின்படி, பணம் கட்டச் சொல்லும் தீர்ப்பை நிறைவேற்றுவதற்காக எந்தப் பெண்ணையும் கைது செய்ய முடியாது.

அடுத்தது ஜப்தி. "நாளைக்கு வந்து வீட்டுச் சாமான் எல்லாத்தையும் அள்ளிட்டுப் போவோம்" என்பது வழக்கமான மிரட்டல். ஜப்தி என்பது கோர்ட் உத்தரவு போட்டு, கோர்ட் ஊழியரான அமீனா வந்து செய்கிற காரியம். பைனான்ஸ் ஆபீஸ் பையன் செய்கிற காரியம் அல்ல. அந்த அமீனாவே தொடக் கூடாத பொருள்கள் இருக்கின்றன. அதே சட்டத்தின் 60ஆவது பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது: உடுத்தும் துணி, சமையல் பாத்திரம், கட்டில், படுக்கை, கைத்தொழில் செய்பவரின் கருவிகள், உழவுக் கருவிகள். அந்தப் பட்டியலில் இன்னொன்றும் உண்டு: மத வழக்கப்படி ஒரு பெண் தன் உடலிலிருந்து பிரிக்கக் கூடாத ஆபரணம். நம் ஊர் வழக்கில் அது தாலி. கோர்ட்டே ஜப்தி செய்யக் கூடாது என்று சட்டம் ஒதுக்கி வைத்ததைத்தான் அன்றைக்குத் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆள் கேட்டார்.

சரி, கிரிமினல் வழக்கு வரவே வராதா? இரண்டு இடத்தில் வரலாம், அதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். பொய் ஆவணம் கொடுத்துக் கடன் வாங்கியிருந்தால் அது மோசடி. இன்னொன்று செக். கடனுக்காகக் கொடுத்த செக் பணமில்லாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆவது பிரிவு வருகிறது. அதிலும் ஒரு வரிசை இருக்கிறது: செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும், நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து கட்டுவதற்கு உங்களுக்கு 15 நாள், அதற்கப்புறம்தான் கோர்ட். கணக்கிலிருந்து தானாகத் தவணை எடுக்கும் இசிஎஸ், நாச் ஏற்பாடு பணமில்லாமல் திரும்பினாலும், 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடாச் சட்டத்தில் கிட்டத்தட்ட இதே நடைமுறைதான். ஆகவே இப்படி ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்தால் அலமாரியில் போட்டுவிடக் கூடாது. 15 நாளுக்குள் பதில் போக வேண்டும். வசூலுக்கு வருபவர் "ஒரு செக் மட்டும் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, இப்பவே போயிடறேன்" என்றால் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சிவில் பாக்கியைக் கிரிமினல் வழக்காக மாற்றும் வழி அது.

எந்தக் கதவைத் தட்டுவது என்பது, கடன் யாரிடம் என்பதைப் பொறுத்தது

உங்களுக்குக் கடன் கொடுத்தவர் யார் என்று முதலில் பாருங்கள். பேங்க், ரிசர்வ் வங்கியில் பதிவு செய்த பைனான்ஸ் கம்பெனி, வீட்டுக் கடன் கம்பெனி என்றால் ரிசர்வ் வங்கியின் விதிகள் அவர்களைக் கட்டுப்படுத்தும். குழுக் கடன் தரும் மைக்ரோ பைனான்ஸுக்கு அதே ரிசர்வ் வங்கி இன்னும் இறுக்கமான விதிகள் வைத்திருக்கிறது. ஊர் வட்டிக்காரர் என்றால் தமிழ்நாட்டுச் சட்டங்கள். போனில் இருக்கும் லோன் ஆப் என்றால், அதற்குப் பின்னால் பதிவு பெற்ற கம்பெனி இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

பேங்க், பைனான்ஸ் கம்பெனிகளுக்கு 2022 ஆகஸ்ட் 12ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. நேரக் கட்டுப்பாடு அதில்தான் அழுத்தமாக வந்தது: பாக்கி கேட்டுக் காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பின்னாலும் போன் செய்யக் கூடாது. ஓயாமல் போன் போட்டு நச்சரிப்பது, யாரென்று சொல்லாமல் மிரட்டுவது, அசிங்கமான மெசேஜ் அனுப்புவது, நாலு பேர் முன்னால் அவமானப்படுத்துவது, உறவினர், நண்பர், கடன் வாங்கும்போது நீங்கள் பெயர் கொடுத்த தெரிந்தவர் ஆகியோரின் வாழ்க்கையில் தலையிடுவது, பொய்த் தகவல் சொல்வது எல்லாமே தடை. "நாங்க ஏஜென்சிதான் சார், பேங்க்குக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை" என்று சிலர் கைகழுவுவார்கள். வசூலை வெளியாளிடம் விட்டாலும் அவர் செய்வதற்கெல்லாம் பேங்க்தான் பொறுப்பு. இதை ரிசர்வ் வங்கி திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது.

2008ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிற வேறு சில விதிகளும் உண்டு. உங்கள் கணக்கை எந்த ஏஜென்சிக்குக் கொடுத்திருக்கிறோம் என்று பேங்க் உங்களுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். வருகிறவர் கையில் அடையாள அட்டையும், பேங்க் கொடுத்த அதிகாரக் கடிதமும், நோட்டீஸின் நகலும் இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பயன்பட்ட விதி இது: கணக்கைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே புகார் கொடுத்திருந்தால், அந்தப் புகாருக்கு முடிவு சொல்லும்வரை அந்தக் கணக்கை ஏஜென்சியிடம் பேங்க் தள்ளிவிடக் கூடாது. வேண்டுமென்றே தொல்லைக்காகக் கொடுக்கும் வெற்றுப் புகாருக்கு இது பொருந்தாது. ஆனால் "கட்டிய தவணை கணக்கில் ஏறவில்லை", "அபராதத்துக்கும் வட்டி போட்டிருக்கிறார்கள்" போன்ற உண்மையான புகாருக்குப் பொருந்தும். அபராதத்தைப் பற்றிச் சொல்வதென்றால், தவணை தாமதமானால் அபராதக் கட்டணம் போடலாம், அந்தக் கட்டணத்தின் மேல் வட்டி ஏற்றக் கூடாது என்று 2023இல் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டிருக்கிறது. வசூல்காரர் வாயால் சொல்லும் தொகையை அப்படியே நம்பாமல் கணக்கு அறிக்கை கேட்டு வாங்குங்கள்.

குழுக் கடனுக்கு வருவோம். ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ள குடும்பத்துக்கு ஜாமீன் பொருள் இல்லாமல் தரும் கடனைத்தான் ரிசர்வ் வங்கி மைக்ரோ பைனான்ஸ் கடன் என்கிறது. 2022 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் விதிப்படி இதற்கான நேரம் காலை 9 மணி முதல் மாலை 6 மணி வரை. வசூல் இரண்டு தரப்பும் பேசி முடிவு செய்த பொது இடத்தில் நடக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அந்த இடத்துக்கு வராதவர் வீட்டுக்குப் போகலாம். சித்தி மூன்று வாரம் போகவில்லை. ஆகவே அவர்கள் வீட்டுக்கு வந்ததில் தப்பில்லை. ஆறு மணிக்கு அப்புறமும் உட்கார்ந்திருந்தது தப்பு. கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பற்றிப் பொய் சொல்வதையும் இந்த விதி தனியாகத் தடுக்கிறது, அதனால் போலீஸ் கதை இரண்டாவது தப்பு. தாலியைப் பற்றிப் பேசியது மூன்றாவது. கடன் பாக்கி வைத்தவர்களின் பெயரை எழுதி ஒட்டுவதும் தடை.

குழுவில் இன்னொரு வேதனை இருக்கிறது. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற பெண்களையே கூட்டிவந்து அவள் வாசலில் உட்கார வைப்பார்கள். பத்து வருஷமாகப் பூப்பறிக்கவும் நாற்று நடவும் சேர்ந்து போன பெண்கள் அன்றோடு முகம் பார்க்காமல் போவதைப் பார்த்திருக்கிறேன். கூட்டுப் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டிருந்தால், ஒருவர் பாக்கி மற்றவர்கள் தலையில் விழலாம் என்பது உண்மை. ஆனால் அந்தக் கையெழுத்து யாரையும் அடியாளாக மாற்றும் அதிகாரம் தரவில்லை. மிரட்டுவதற்கு ஊர்க்காரப் பெண்ணை அனுப்பினாலும் மிரட்டல் மிரட்டல்தான்.

வாசலில் ஆள் நிற்கும்போது

முதலில் கதவைத் தாண்டி நீங்கள் வெளியே வாருங்கள். அவரை உள்ளே உட்கார வைக்காதீர்கள். அடையாள அட்டையைக் கேளுங்கள். தந்தால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தராவிட்டால் "அட்டை இல்லாம நான் பேச மாட்டேங்க" என்று சொல்லி நிறுத்திவிடலாம். பெயர், எந்த ஏஜென்சி, வந்த நேரம், போன நேரம் நான்கையும் காலண்டர் தாளின் பின்பக்கத்திலாவது எழுதிவையுங்கள். கோபம் வேண்டாம். கெட்ட வார்த்தை உங்கள் பக்கத்திலிருந்து ஒன்று வந்தாலும் அதை மட்டும் வெட்டி எடுத்து அவர்கள் காட்டுவார்கள். பேச்சைப் பதிவு செய்யுங்கள், அந்தப் பதிவை வெட்டாமல் ஒட்டாமல் மூலக் கோப்பாகவே போனில் விட்டுவையுங்கள்.

போகச் சொன்ன பிறகும் வீட்டுக்குள் நின்றால் அது அத்துமீறல், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆவது பிரிவு. கொன்றுவிடுவேன், மானத்தை வாங்கிவிடுவேன் என்றால் 351ஆவது பிரிவு, குற்ற மிரட்டல். பெண்ணின் மானத்தைக் குலைக்கும் பேச்சுக்கு 79ஆவது பிரிவு. பிரிவு எண்ணையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. "112க்குப் போன் பண்றேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே போன் செய்தால் போதும். அன்றைக்குச் சித்தியிடம் நான் சொன்னதும் இதைத்தான். மூன்று நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டு, "வண்டிய எடுத்துட்டாங்க கண்ணு" என்றார்.

பணம் கட்டுவதாக இருந்தால் கையில் ரொக்கமாகக் கொடுப்பதைத் தவிர்த்து, கடன் கணக்குக்கே கட்டுங்கள். ஏஜென்ட்டின் சொந்த ஜிபே நம்பருக்கு அனுப்பிய பணம் கணக்கில் ஏறாமல் போய், ஒரே தவணையை இரண்டு தடவை கட்டியவர்களை எனக்குத் தெரியும். ரொக்கம்தான் வழி என்றால் கம்பெனி பெயர் அச்சிட்ட ரசீது வாங்காமல் நோட்டு கைமாறக் கூடாது.

வாட்ஸ்ஆப்பில் வரும் 'கோர்ட் நோட்டீஸ்'

எதிர்வீட்டுத் தம்பி ஒரு நாள் முகம் வெளுத்துப்போய் போனை நீட்டினான். மேலே சிங்க முத்திரை, தராசு படம், சிவப்பு எழுத்தில் 'இறுதி எச்சரிக்கை'. அவன் பெயரில் எஃப்ஐஆர் போட்டாகிவிட்டதாம். மாலை ஐந்து மணிக்குள் 8,400 ரூபாய் கட்டாவிட்டால் வாரண்டாம். கீழே ஒரு கையெழுத்து, அதற்கும் கீழே பணம் கட்ட க்யூஆர் கோடு.

இரண்டு பேரும் உட்கார்ந்து நிதானமாகப் படித்தோம். எந்தக் கோர்ட் என்று இல்லை. வழக்கு எண் இல்லை. எஃப்ஐஆர் என்றால் எந்தப் போலீஸ் ஸ்டேஷன், என்ன எண் என்று இருக்க வேண்டும், அதுவும் இல்லை. கோர்ட்டில் உண்மையாகவே வழக்கு இருந்தால் அதற்கு 16 இலக்கத்தில் ஒரு சிஎன்ஆர் எண் இருக்கும். இகோர்ட்ஸ் தளத்திலோ ஆப்பிலோ அதைப் போட்டால் எந்தக் கோர்ட், எந்தத் தேதியில் வாய்தா என்று வந்துவிடும். பெயரைப் போட்டும் தேடலாம். தேடினோம், ஒன்றும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் கோர்ட்டும் க்யூஆர் கோடு போட்டு ஐந்து மணிக்குள் பணம் கேட்பதில்லை. தம்பி அன்றைக்குத்தான் இரண்டு நாளுக்கு அப்புறம் சாப்பிட்டான்.

ஆனால் வக்கீல் பெயர், பதிவு எண், முகவரியோடு பதிவுத் தபாலில் வரும் நோட்டீஸ் வேறு. கோர்ட் சம்மன் வேறு. அவற்றை வாங்க மறுக்காதீர்கள். மறுத்தால் வாங்கியதாகவே எடுத்துக்கொண்டு வழக்கு நீங்கள் இல்லாமலே நடந்து முடியக்கூடும். சம்மனில் சொன்ன தேதிக்குப் போய் நிற்பதுதான் பாதுகாப்பு. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் கிடைக்கும். தொலைபேசி எண் 15100.

புகார் எழுதும் முறை

போனில் திட்டுவதால் எதுவும் நகராது, எழுத்தில் இருப்பதுதான் நிற்கும். முதல் கடிதம் கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு. குழுக் கடன் என்றால் உங்களுக்குப் புரிகிற மொழியில் ஒரு கடன் அட்டை தந்திருக்க வேண்டும். அந்த அலுவலரின் பெயரும் எண்ணும் அதிலேயே இருக்கும். சித்தி வீட்டில் அது சாமி படத்துக்குப் பின்னால் பிளாஸ்டிக் கவரில் இருந்தது. தவணைக் கட்டங்களைத் தவிர அதில் வேறு எதையும் அவர் படித்ததில்லை. நாங்கள் எழுதிய கடிதம் இவ்வளவுதான்:

"என் கடன் எண் இது. 18ஆம் தேதி மாலை 3 மணி முதல் இரவு 8 மணி வரை உங்கள் ஊழியர் என் வீட்டுத் திண்ணையில் இருந்தார். மாலை 6 மணிக்கு மேல் வசூலுக்கு வரக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதியை மீறினார். போலீஸ் கைது செய்யும் என்று பொய் சொன்னார். தாலியை அடகு வைக்கச் சொன்னார். குரல் பதிவு இருக்கிறது. என் கணவருக்கு அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. மருத்துவமனைச் சீட்டு இணைத்துள்ளேன். கடனைக் கட்டத் தயாராக இருக்கிறேன். தவணையை மாற்றி அமைத்துத் தரவும், இனி எழுத்து மூலமாகத் தொடர்புகொள்ளவும் கேட்டுக்கொள்கிறேன்."

பெரிய வார்த்தை எதுவும் இல்லை. தேதி, நேரம், நடந்தது, கேட்பது, அவ்வளவுதான். "கட்டத் தயார்" என்ற வரி மிக முக்கியம். பின்னால் யார் படித்தாலும் உங்களை ஏமாற்றுக்காரராக நினைக்க மாட்டார்கள். பத்து நாளில் பதில் வந்தது. இரண்டு மாதம் தள்ளி, வாரத் தவணையைக் குறைத்துக் கொடுத்தார்கள். வேறு ஊழியர் வர ஆரம்பித்தார்.

30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சிஎம்எஸ் என்ற அவர்களுடைய தளத்தில் புகார் பதியலாம், 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். நிறுவனத்துக்கு முதலில் எழுதாமல் நேராக இங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதனால்தான் அந்த முதல் கடிதத்தின் நகலும் தபால் ரசீதும் அவ்வளவு முக்கியம். நஷ்ட ஈடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. எப்படிப் போவது என்று 1915இல் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஊர் வட்டியும் லோன் ஆப்பும்

ரிசர்வ் வங்கி எட்டாத இடம் கந்து வட்டி. மீட்டர் வட்டி, ரன் வட்டி, தண்டல் என்று பெயர் மாறினாலும் காலையில் கொடுத்து மாலையில் பிடுங்குவதுதான் தொழில். இதற்காகவே 2003இல் தமிழ்நாட்டில் அதீத வட்டி வசூலைத் தடுக்கும் சட்டம் வந்தது. 3 ஆண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். சட்டம் இருந்தும், 2017 அக்டோபரில் திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு குடும்பமே, இரண்டு சின்னக் குழந்தைகளோடு, தீக்கு இரையானது. கந்து வட்டிக் கொடுமை என்று பலமுறை மனுக் கொடுத்தும் கேட்பாரில்லை என்ற செய்தி தமிழ்நாட்டையே உலுக்கியது. அதை எழுதும்போது இன்றைக்கும் கை நின்றுவிடுகிறது. 2025இல் தமிழ்நாடு சட்டமன்றம் கடன் வசூலில் வன்முறையைத் தடுக்கத் தனிச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. கடன் வாங்கியவரையோ குடும்பத்தையோ மிரட்டுவது, பின்தொடர்வது, பொருளைப் பிடுங்குவது, அரசு உதவி பெறுவதற்கான ஆவணங்களை வாங்கி வைத்துக்கொள்வது எல்லாம் அதில் குற்றம். வசூல் கொடுமையால் ஒருவர் உயிரை விட்டால், தற்கொலைக்குத் தூண்டியதாகவே வழக்குப் போகும்.

ரேஷன் கார்டையோ ஏடிஎம் கார்டையோ வட்டிக்காரர் வாங்கி வைத்திருந்தால், போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து மனு ரசீது கேளுங்கள். தரவில்லையா, எஸ்பி ஆபீஸுக்குப் போங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்திலும் மனுக் கொடுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே 104க்கோ 14416க்கோ போன் செய்து ஒருவரிடம் பேசுங்கள். எந்தக் கடனும் கோர்ட்டில் ஆண்டுக்கணக்கில் இழுக்கக்கூடிய ஒரு கணக்குதான்.

லோன் ஆப் விஷயத்தில் ஒரே ஒரு சோதனை போதும். கான்டாக்ட் லிஸ்ட், போட்டோ, கால் விவரம் ஆகியவற்றைப் பார்க்க அனுமதி கேட்கிறதா? முறையாக நடக்கும் கடன் ஆப் அவற்றைத் தொடக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. கேட்டால் கடன் வாங்காமலே நீக்கிவிடுங்கள். ஏற்கெனவே மாட்டி, படத்தை மார்பிங் செய்து உறவினர்களுக்கு அனுப்புவதாக மிரட்டுகிறார்களா? இன்னும் பணம் அனுப்பாதீர்கள். ஒரு தடவை கட்டியவரிடம் மறுபடி மறுபடி கேட்பார்கள். ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எடுத்துக்கொண்டு 1930இல் சைபர் கிரைம் போலீஸுக்குச் சொல்லுங்கள். உறவினர்களிடம் நீங்களே முந்திக்கொண்டு, "இப்படி ஒரு படம் வரலாம், நம்பாதீங்க" என்று ஒரு மெசேஜ் போட்டுவிட்டால் மிரட்டுபவன் கையில் அப்புறம் ஒன்றும் இருக்காது.

வீடு, வண்டி, ஜாமீன்

வீட்டை அடமானம் வைத்த கடனில் பேங்குக்குக் கோர்ட் போகாமலே வீட்டைக் கையகப்படுத்தும் அதிகாரம் உண்டு, 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி. ஆனால் முதலில் 60 நாள் நோட்டீஸ். அதற்கு நீங்கள் ஆட்சேபம் எழுதினால் 15 நாளில் பேங்க் காரணத்தோடு பதில் சொல்ல வேண்டும். கையகப்படுத்தும் நடவடிக்கை வந்துவிட்டால் 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. விவசாய நிலத்தின் மேல் இந்தச் சட்டம் பாயாது. இந்த 60 நாளில் தூங்கிவிட்டு ஏல நோட்டீஸ் பேப்பரில் வந்த பிறகு ஓடுபவர்கள்தான் அதிகம்.

வண்டிக் கடனில், ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் தவணை தவறிய வண்டியை எடுக்க பைனான்ஸுக்கு உரிமை உண்டு. நடுரோட்டில் மறித்துச் சாவியைப் பிடுங்குவது அந்த உரிமையில் அடங்காது. கடன் வசூலும் வண்டி பறிமுதலும் சட்ட வழியில்தான் நடக்க வேண்டும், அடியாட்களை வைத்து அல்ல என்று பிரகாஷ் கவுர் வழக்கில் 2007இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஜாமீன் கையெழுத்துப் போட்டவர் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். கடன் வாங்கியவருக்கு இருக்கும் அதே பொறுப்பு அவருக்கும் முழுதாக உண்டு. கடன் வாங்கியவர் இறந்துவிட்டால், வாரிசுகள் அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்குத்தான் பொறுப்பு. சொத்தே இல்லை, நீங்கள் ஜாமீனும் போடவில்லை என்றால் "அப்பா கடன் பிள்ளை தலையில" என்று கேட்டு வருபவருக்குச் சட்டத்தில் இடமில்லை. துக்க வீட்டில் வைத்துப் புதிதாக எதிலும் கையெழுத்து வாங்க விடாதீர்கள்.

பழைய கடன், செட்டில்மென்ட், கடைசிக் காகிதம்

அடமானம் இல்லாத கடனுக்குப் பாக்கி விழுந்ததிலிருந்து 3 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அதற்கப்புறம் கோர்ட்டில் கேட்க முடியாது. ஆனால் அந்த 3 ஆண்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே நீங்கள் "பாக்கி இருப்பது உண்மை" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலோ, எழுத்து ஆதாரத்தோடு ஒரு சின்னத் தொகை கட்டினாலோ, அன்றைய தேதியிலிருந்து 3 ஆண்டு புதிதாக ஆரம்பிக்கும். "ஐந்நூறு ரூபாயாவது கட்டுங்க" என்று கெஞ்சுவதற்குப் பின்னால் சில சமயம் இந்தக் கணக்கும் இருக்கும்.

மொத்தமாக ஒரு தொகை கட்டி முடிக்கச் செட்டில்மென்ட் பேசினால், பணம் கட்டும் முன்பே நிறுவனத்தின் லெட்டர் பேடில் தொகை, கடைசித் தேதி, மீதி தள்ளுபடி ஆகிய மூன்றும் எழுதி வாங்குங்கள். போனில் பேசிய செட்டில்மென்ட் செல்லாது. இப்படி முடித்த கடன், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகும். முழுதாகக் கட்டியது 'குளோஸ்டு' என்று இருக்கும். முன்னது இருந்தால் அடுத்த கடன் கிடைப்பது கஷ்டம். கையில் வழியிருந்தால் கொஞ்சம் தாமதமானாலும் முழுதாகக் கட்டி முடிப்பதே நல்லது என்பது என் எண்ணம்.

கட்டி முடித்ததும் பாக்கி இல்லை என்ற சான்று வாங்குங்கள். கொடுத்து வைத்த செக்குகளைத் திரும்பக் கேளுங்கள், பேங்கில் நாச் ஏற்பாட்டை ரத்து செய்யுங்கள். வீட்டுப் பத்திரம் வைத்திருந்தால் முழுதும் கட்டிய 30 நாளுக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். அவர்கள் தப்பால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும் என்று 2023இல் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. இரண்டு மாதம் கழித்து சிபில் அறிக்கையை எடுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு ஒரு முறை இலவசம். கட்டிய கடன் இன்னும் பாக்கி என்றே காட்டினால் அங்கேயே திருத்தப் புகார் போடுங்கள். 30 நாளில் சரிசெய்யாவிட்டால் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் நஷ்ட ஈடு கேட்கலாம்.